எலும்பு நட்ட நாள்

பழனியில் எங்கள் வீட்டில் சந்தனக் கடை. மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் தலையில் பூசிக்கொள்ளச் சந்தனம் வாங்குவார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்பா என்னைக் கடையில் உட்கார வைத்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை எனக்கு ஒத்து வரவில்லை. கடைக்கு எதிரே பஸ் நிற்கும். ஒருநாள் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு திருப்பூரில் துணிமூட்டை தூக்கினேன். மூணாறுப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் புகையில் நின்றேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் இருந்தபோது ஒரு பாறை உருண்டு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. ஆறியதும் கிளம்பிவிட்டேன். கொடைக்கானல் மலையில், செண்பகனூரில் ரோட்டோரப் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, காய்கறி வண்டியில் வந்த ஒருவர், மேலே கூக்காலில் தன் காட்டில் பூண்டு பிடுங்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். கையைக் கழுவிவிட்டு ஏறினேன். அவர் தங்கையைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். அவர் எனக்கு மச்சான் ஆனார்.

கல்யாணத்துக்குப் பிறகும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். மகள் பிறந்தபோது கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தில் இருந்தேன். என் மனைவி அழுதது கிடையாது, தடுத்தது கிடையாது. "போறப்பச் சொல்லிட்டுப் போங்க, ராத்திரிச் சோத்துக்கு ஒரு ஆளு அரிசி கொறச்சுப் போடணும்ல" என்பாள். அவளுக்கு அண்ணன் காட்டில் வேலை இருந்தது. பூண்டு நடவில் அந்தச் சரிவில் அவள் கைக்கு ஈடான கை இல்லை. ஒரு பாத்தியை மற்றவர்கள் பாதி முடிப்பதற்குள் அவள் அடுத்த பாத்தியில் இருப்பாள்.

அப்படிப் போய் வந்துகொண்டிருந்த ஒரு தடவை, பழனியை அடுத்த பாலசமுத்திரத்துப் பக்கம் டவுன் பஸ்ஸில் போகும்போது, தென்னை மரங்களுக்கு மேலே பச்சையாக ஒரு கழுத்து நீண்டிருப்பதைப் பார்த்தேன். என்னவென்று பார்க்க இறங்கினேன். ஹாலோபிளாக் பட்டறை வைத்திருந்த ஒரு மனிதர், பட்டறையை மூடிவிட்டு அந்த இடத்தில் டைனோசர் பூங்கா போட்டுக்கொண்டிருந்தார். கம்பி கட்டி சிமெண்டில் செய்த உருவங்கள். ஒரு தகரக் கொட்டகையில் கண்ணாடிப் பெட்டிகள். அவற்றுள் கல்லாகிப்போன மரத்துண்டும், கல்லாகிப்போன நத்தைகளும். சுருள் சுருளாக இருந்த அந்த நத்தைகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். குவாரியில் வெட்டும்போது வரும், மற்ற கல்லோடு கல்லாக அரைக்கப் போய்விடும். அதைச் சொன்னேன். முதலாளி ஏணியில் நின்று டைனோசருக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவர், இறங்கி வந்து என்னை உட்காரச் சொன்னார்.

அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். பெயிண்ட் அடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது. எனக்குப் பிடித்திருந்தது. அங்கே தினம் ஒரு கூட்டம் வந்து போகும். நான் எங்கேயும் போக வேண்டியதில்லை, ஊர்கள் என்னைத் தேடி வந்தன.

ஒரு மாதம் பார்த்துவிட்டு முதலாளி சொன்னார்: "தம்பி, ஒத்த ஆளு எனக்குச் சரிப்படாது. இதுக்கு முந்தி இருந்தவனெல்லாம் சாயங்காலம் ஆனா டவுனுக்குப் போயிருவான். பின்னாடி வீடு கெடக்கு. குடும்பத்தோட வந்து இருந்தா வேலை ஒனக்கு. ஆயக்குடியிலருந்து புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு கேட்டுக்கிட்டிருக்காங்க. திங்கக்கிழமைக்குள்ள சொல்லு."

கூக்காலுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "எடத்தப் பாக்காம நான் எப்படிச் சரின்னு சொல்றது?" என்றாள். பக்கத்தில் இருந்த மச்சான், "நானும் பாக்கணும்" என்றார். அவர் எதைப் பார்க்க வருகிறார் என்று எனக்குத் தெரியும். தங்கச்சி கீழே போய்விட்டால் நடவுக்கு அந்தக் கை இருக்காது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானுடைய வண்டி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு கேரட் ஏற்றிப் போக வேண்டியிருந்தது. அதிலேயே எல்லோரும் போவதாக முடிவானது. வெள்ளனே கிளம்பினோம். முன்னால் மச்சான், அவர் மனைவி, என் மனைவி. பின்னால் மூட்டைகளுக்கு மேல் படுதாவைப் போர்த்திக்கொண்டு நானும் மகளும். அவளுக்கு எட்டு வயது. மலை இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினாள், பிறகு குல்லாவைக் கழற்றினாள்.

"அப்பா, அந்த டைனோசரு நம்ம வீட்டவிடப் பெருசா?"

"நம்ம வீட்டுக்கு மேல நம்ம வீட்ட வச்சா எவ்வளவு இருக்கும்? அவ்வளவு."

"பெறகு ஏன் செத்துப்போச்சு?"

"அது யாருக்கும் சரியாத் தெரியாது."

"ஒங்க மொதலாளிக்கு?"

"அவரு தெரிஞ்ச மாதிரிச் சொல்வாரு."

மார்க்கெட்டில் மூட்டைகளை இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டுப் பாலசமுத்திரம் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மறுநாள் கொடைக்கானலிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வருவதாக இருந்ததால் முதலாளி ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பூங்காவைச் சாத்தி வைத்திருந்தார். எங்களுக்குத் திறந்துவிட்டார்.

"அடுப்புக்குள்ள தலைய விட்ட மாதிரில்ல இருக்கு" என்று மச்சானின் மனைவி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். எனக்கு அவள் தங்கச்சி முறை. என் மனைவிக்கு மதினி. மலையை விட்டு அதிகம் இறங்காதவள். நீளக்கழுத்து டைனோசரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஓணான்தானண்ணே. நல்லாத் தின்னு பெருத்துப்போச்சு" என்றாள்.

மச்சான் அதைச் சுற்றி வந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்னத்த மாப்ள திங்கும்?"

"எலதழைதான் மச்சான்."

"எலதழையா? அப்ப இது செத்ததே நல்லது. காட்டெருமை ஒண்ணுக்கே நம்ம வேலி நிக்க மாட்டேங்குது."

முதலாளி சிரிக்கவில்லை. அவருக்கு அவை செத்துப்போனதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

என் மனைவி டைனோசர்களை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. நேரே வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை, ஒரு அடுப்படி. குழாயைத் திறந்து தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்தாள், ஒரு வாய் குடித்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்தாள். வாசலில் நின்று, பள்ளிக்கூடம் எது என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன். அங்கிருந்தே கட்டடம் தெரிந்தது. கூக்காலில் மகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டினால் எங்கே படிக்க வைப்பது என்பது எங்களுக்குள் பேசாமல் கிடந்த ஒரு கேள்வி. அந்தக் கட்டடத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புடிச்சிருக்காம்மா?" என்று முதலாளி கேட்டார்.

"பாக்குறேங்க" என்றாள்.

கடைசியாக மணல்குழியைக் காட்டினேன். அதுதான் பூங்காவில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒரு பாத்தி அகலத்தில், பத்துப் பாத்தி நீளத்தில் செங்கல் கட்டி மணல் நிரப்பியிருக்கும். உள்ளே ஒரு முழு டைனோசரின் எலும்புகள், அச்சில் வார்த்தவை, தலையிலிருந்து வால் வரை வரிசையாகப் புதைந்திருக்கும். பிள்ளைகள் பிரஷ்ஷை வைத்து மணலைத் தள்ளித் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிக்க வேண்டும். மறுநாளுக்காக நானும் முதலாளியும் இரண்டு நாள் முட்டி போட்டு எலும்புகளைப் படுக்க வைத்து மூடியிருந்தோம்.

"இதுக்குள்ள எலும்பு கெடக்கு மச்சான். நாளைக்குப் பிள்ளைக வந்து எல்லாத்தையும் எடுக்கணும்" என்றேன். அதற்குமேல் விளக்க நேரமில்லை. வாசல் போர்டைத் தூக்கி மாட்ட ஆள் வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டார். போய்விட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கூக்கால் பக்கம் ஒருவர் வீட்டுக்கு விருந்தாகப் போகிறோம், அவர்கள் காட்டில் பூண்டு பிடுங்காமல் கிடக்கிறது என்றால், கையைக் கட்டிக்கொண்டு திண்பண்டம் தின்றுகொண்டு இருக்க மாட்டார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். இறங்கிப் பிடுங்கி முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்கள். அடுத்த தடவை அவர்கள் இவர்கள் காட்டில் இறங்குவார்கள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முதலாளி வீட்டிலிருந்து வருவதாக இருந்தது. தூக்குவாளிகள் வந்து இறங்கியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

போர்டை மாட்டிவிட்டு நானும் முதலாளியும் திரும்பி வந்தபோது குழி காலியாக இருந்தது.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டி, கையில் மம்பட்டியோடு நின்றிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் இருந்ததை எடுத்திருக்கிறார். அவர் மனைவி இரண்டு இரண்டு எலும்பாக எடுத்து ஒன்றோடொன்று தட்டி மணலை உதிர்த்துக்கொண்டிருந்தாள். மகள் பாவாடையில் அள்ளி அள்ளிக் கொண்டுபோய்க் கொடுக்க, என் மனைவி குத்த வைத்து உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியது ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், பொடி ஒரு குவியல். விலா எலும்புகளை மட்டும் தென்னை நாரால் கட்டுக் கட்டாகக் கட்டியிருந்தார்கள். வீட்டில் பூண்டைப் பரணில் புகை போடத் தொங்க விடுவதற்கு அப்படித்தான் கட்டுவார்கள்.

"முடிஞ்சது மாப்ள" என்றார் மச்சான். "ஒரு துண்டு விடல. பிரஷ்ஷ வச்சுச் சொரண்டுனா நாளைக்குப் பொழுதுக்கும் முடியாது. பிள்ளைக பாவம்."

முதலாளி பக்கத்தில் இருந்த சிமெண்ட் முட்டையின் மேல் உட்கார்ந்தார். டைனோசர் முட்டை; பிள்ளைகள் ஏறிப் போட்டோ எடுப்பதற்காக வைத்தது.

"ரெண்டு நாளாப் பொதச்சோம்யா" என்றார்.

மச்சானின் மனைவி கையிலிருந்த எலும்புகளைத் தட்டுவதை நிறுத்தினாள். "பொதச்சீங்களா? நீங்களாவா? எதுக்குங்க?"

"பிள்ளைக எடுக்கறதுக்குத்தான்."

"அதத்தான எடுத்து வச்சிருக்கோம்."

நான் விளக்கினேன். எடுப்பதுதான் விளையாட்டு, தேடுவதற்குத்தான் காசு, எடுத்து முடித்ததும் நாங்கள் திரும்பப் புதைப்போம் என்றேன். மச்சான் மம்பட்டியின் மேல் தாடையை ஊன்றிக்கொண்டு கவனமாகக் கேட்டார்.

"எடுக்கறதுக்காகப் பொதச்சு, பொதச்சத எடுத்து, எடுத்தத மறுபடி பொதச்சு. இது ஒரு சோலியா மாப்ள?"

"அதான் மச்சான் என் சோலி."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல வந்தவருக்கு அதற்குமேல் ஒரு காரணம் தேவையில்லை. முதலாளி குனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பஸ் நிறையப் பிள்ளைகள் வருவார்கள். ஆயக்குடிக்காரர்கள் கண்முன் வந்தார்கள், பெட்டியோடு. வீடு போச்சு என்றுதான் நினைத்தேன். போனால் என்ன, வேறு வேலை தேடத் தெரியாதவனில்லை நான். ஆனால் குழாய்த் தண்ணீரை அவள் ஒரு வாய் குடித்ததைப் பார்த்திருந்தேன். பிடிக்காத இடத்தில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை.

அவள் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"வெரசா வாங்க. பொழுது கெடக்கு. எப்படிக் கெடந்துச்சோ அப்படியே வச்சிரலாம்."

"எப்படிம்மா வைக்க? எது எங்க இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் முதலாளி.

குழியின் தலைமாட்டில் ஒரு பலகை உண்டு. அந்த மிருகத்தின் எலும்புக்கூட்டை அதில் வரைந்திருக்கும். அவள் அதைக் காட்டி, "நீங்க பாத்துச் சொல்லுங்க, நாங்க வைக்கிறோம்" என்றாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மச்சான் குழியின் ஒரு மூலையில் இறங்கி வேலையைத் தொடங்கியிருந்தார். பொடிக் குவியலிலிருந்து எடுத்து, நாலு விரல் இடைவெளி விட்டு, கூரான முனை மேலே பார்க்க, நூல் பிடித்த மாதிரி ஒரு வரிசை நட்டுவிட்டார்.

"அய்யோ, படுக்க வைக்கணுங்க" என்றார் முதலாளி.

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். "படுக்க வச்சா எப்படிங்க மொளைக்கும்?"

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முதலாளி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிமெண்ட் முட்டையின் மேலிருந்து சரிந்து விழாத குறையாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. முதலாளி பலகைக்குப் பக்கத்தில் நின்று, கழுத்து, முதுகு, இடுப்பு என்று சொல்லச் சொல்ல, என் மனைவி யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவரையும் விடவில்லை. "சார், சொல்லிக்கிட்டே அந்தத் தொடையெலும்பத் தூக்குங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கித் தூக்கினார். விலா எலும்புக் கட்டுகளை மச்சானின் மனைவி முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தாள். "கட்டுனது நாந்தான், அவுக்கறதும் நாந்தான். மேல போயிச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க." மகள் தலை எலும்பின் பல்லில் கையை விட்டு, "கடிக்குது, கடிக்குது" என்று விளையாடினாள். "ஏ பிள்ள, அத அத்தகிட்டக் குடு" என்று மச்சான் அதட்டினார்.

கடைசியில் ஒரு கைப்பிடி அளவு எலும்புகள் மிஞ்சின. பலகையில் அவற்றுக்கு இடம் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலாளி ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். என் மனைவி அத்தனையையும் வாங்கி வால் நுனியில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து மண்ணைத் தள்ளிவிட்டாள்.

"வாலு ரொம்ப நீண்டுருமேம்மா."

"நீண்டா என்னங்க, நீங்க பாத்தீங்களா அதோட வால?"

முதலாளி பூவாளியை எடுக்கப் போனார். மணலை மூடி, காலால் அமுக்கி, பூவாளியால் தண்ணீர் தெளித்தோம்.

நீளக்கழுத்து டைனோசரின் வயிற்று நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவ்வளவு பேருக்கும் நிழல் போதுமானதாக இருந்தது. சாப்பிட்டு இலையை மடித்ததும் என் மனைவிதான் பேச்சை எடுத்தாள்.

"பிள்ளைக வர்ற நாளெல்லாம் இப்படித்தான் எடுத்து எடுத்துப் பொதைக்கணுமா?"

"ஆமாம்மா. அதான் குடும்பமாக் கேக்குறேன். ஒத்த ஆளுக்கு முடியல."

"அப்ப நான் வாறேன். ஆனா ஒண்ணு. வருசத்துல ரெண்டு நடவு, ரெண்டு புடுங்கல். அந்த நாளெல்லாம் நான் எங்கண்ணன் காட்டுக்குப் போயிருவேன். பிள்ள இங்கருந்து பள்ளிக்கூடம் போகும். இவரு வீட்ல இருப்பாரு. வெளக்கு எரியும். சரின்னா சொல்லுங்க."

மச்சான் சோற்றுக் கையைக் கழுவப் போனவர் அப்படியே நின்றார். அவர் கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"எல்லாஞ் சரி தங்கச்சி. இவரு இருப்பாரா? பஸ் சத்தம் கேட்டாச் செருப்ப மாட்டுற ஆளு."

முதலாளி என்னைப் பார்த்தார். மச்சானின் மனைவி பார்த்தாள். இத்தனை வருடத்தில் என் மனைவி என்னிடம் இரு என்று கேட்டதில்லை. இப்போதும் கெஞ்சலாகக் கேட்கவில்லை. கூலிக்கு ஆள் பேசுகிற மாதிரி நேராகக் கேட்டாள்.

"ஏங்க, இருப்பீங்களா? முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. மேல போயிட்டு நான் அங்கருந்து கவலப்பட முடியாது."

நான் முடியாத காரியத்தை முடியாது என்று சொல்லிவிடுகிறவன். அதனால்தான் பல வேலைகள் போயின. கொஞ்சம் யோசித்தேன். அவள் இல்லாத நாட்களில் மகளுக்குத் தலை சீவ வேண்டும், சோறாக்க வேண்டும், சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே இருக்க வேண்டும். இதில் எனக்குத் தெரியாத வேலை ஒன்றும் இல்லை. எங்கேயும் போகாமல் இருப்பது ஒன்றுதான் புதிது. குவாரியில் இரண்டு விரல் போன பிறகும் நடக்கப் பழகினேன். இதையும் பழகலாம்.

"இருப்பேன்" என்றேன்.

"நடவுக்கு முந்துன நாளே வந்துரணும் தங்கச்சி" என்றார் மச்சான். அவ்வளவுதான் அவர் சம்மதம்.

முதலாளி வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மேலே பனி இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று மச்சான் அவசரப்பட்டார். வீட்டைக் காலி செய்து சாமான்களோடு அடுத்த வாரம் வருவதாகப் பேச்சு. வண்டி கிளம்பியது. பின்னால் காலிச் சாக்குகளின் மேல் மகளும் அவளும். நான் ரோட்டில் நின்றேன். வண்டி போவதை இத்தனை காலமும் வண்டிக்குள் இருந்துதான் பார்த்திருக்கிறேன். ரோட்டில் நின்று பார்த்தால் அது சீக்கிரம் சின்னதாகிவிடுகிறது.

திரும்பி வந்து பார்த்தபோதுதான், மச்சான் நட்ட அந்த மூலை வரிசையைப் பிடுங்க மறந்துபோனது தெரிந்தது. மணலுக்கு மேலே முனைகள் லேசாகத் தெரிந்தன. பிடுங்கலாமா என்று நினைத்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலில் ஓடியது அங்கேதான். கூட வந்த டீச்சர், இது அந்த மிருகத்தின் எந்தப் பாகம் என்று கேட்டார். முதலாளி தயங்காமல், "அது தனி ரகங்க, மலைப் பக்கத்து ரகம்" என்றார்.

இதை எழுதுகிறபோது என் மனைவி நடவுக்கு மேலே போயிருக்கிறாள். காலையில் மகளுக்கு இரட்டைச் சடை பின்னினேன். ஒரு சடை கொஞ்சம் மேலே ஏறிவிட்டது, மகள் கண்ணாடி பார்க்காமல் போய்விட்டாள், நல்லது. பழனி பஸ் வளைவில் ஹாரன் அடிக்கும்போது கால் அரிக்கத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் மணல்குழியில் இருப்பேன். தலையிலிருந்து தொடங்கிக் கழுத்து, முதுகு, இடுப்பு, அந்த நீண்ட வால் என்று படுக்க வைத்துக்கொண்டே போவேன். மூலையில் ஒரு வரிசையை மட்டும் நாலு விரல் இடைவெளியில், முனை மேலே பார்க்க நடுகிறேன். மறந்தால் முதலாளியே கேட்கிறார்.